காடறியாச் செடி

ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் ஹாலிஹாக் பூச்செடிக்குப் போன இடமெல்லாம் அயலூர்ப் பெயர்தான் வாய்த்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ரோஸ் ட்ரெமியேர் என்கிறார்கள். கடல் கடந்து வந்த ரோஜா என்ற பொருளுடைய பழைய தொடர் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. சீனத்தில் அது ஷு குய், அதாவது சிச்சுவான் பகுதியின் பழம்பெயரான ஷுவைச் சேர்ந்த குய்ச் செடி. ஆங்கிலப் பெயரின் பின்பாதியான ஹாக் துத்தியினச் செடிகளுக்கு வழங்கிய பழைய ஆங்கிலச் சொல். முன்பாதி புனிதம் என்று பொருள்படும். அந்தப் புனிதத்துக்கு விளக்கம் தேடியவர்கள், சிலுவைப் போர் வீரர்கள் புனித பூமியிலிருந்து கொண்டுவந்ததாக ஒரு கதை கட்டினார்கள். ஹாக் என்பது குதிரையின் பின்னங்கால் மூட்டுக்கும் பெயர் என்பதால், அந்த வீரர்களின் குதிரைகளுக்கு இதன் இலையை வைத்துக் கட்டினார்கள் என்று கதைக்கு வாலும் முளைத்தது. தமிழும் இந்த வரிசைக்கு விலக்கல்ல. மூலிகைப் பட்டியல்களில் இதற்கும் இதன் உறவான மார்ஷ்மெல்லோ செடிக்கும் சீமைத்துத்தி என்று பெயர். சீமை என்றாலே கப்பலேறி வந்தது. பிறப்பிடம் எது என்று ஒவ்வொரு மொழியையும் கேட்டால், ஒவ்வொன்றும் தன் எல்லைக்கு அப்பால் கை நீட்டுகிறது. உண்மையில் இதற்குச் சொந்த ஊர் எது என்பது தாவரவியலில் இன்னும் முழுமையாகத் தீராத கேள்வி. கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், அது எந்தக் காட்டிலும் பிறக்கவில்லை, மேற்கு ஆசிய வீட்டு மதில்களின் ஓரத்தில் பிறந்தது என்ற முடிவே வலுப்பெறுகிறது. அந்தப் பிறப்பை மறந்து அதை வளர்த்தவர்கள் பட்ட பாட்டையும் இதே முடிவுதான் விளக்குகிறது.

முதலில் செடியைப் பார்ப்போம். நம் செம்பருத்தி, பூவரசு, பருத்தி, வெண்டை, துத்தி எல்லாம் அடங்கிய மால்வேசி குடும்பத்தில் ஆல்சியா பேரினம் ஒன்று. ஹாலிஹாக்கின் அறிவியல் பெயர் ஆல்சியா ரோசியா. செம்பருத்திப் பூவின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தூணை நினைத்துக்கொண்டால் உறவு விளங்கிவிடும். இங்கே அந்தத் தூண் குட்டையாக, ஐந்து முனை கொண்டதாக, மஞ்சள் மகரந்தப் பைகளோடு இருக்கும். முதலாண்டில் செடி தரையோடு படிந்த இலைக்கொத்தாக மட்டும் இருந்து, ஆணிவேரை ஆழ இறக்கி, அதில் உணவைச் சேர்த்துவைக்கிறது. குளிர்காலம் கடந்த மறு ஆண்டில் நடுவிலிருந்து ஒரே தண்டு கிளம்பி ஐந்தடி, எட்டடி, நல்ல மண்ணில் பத்தடி வரைகூட உயர்கிறது. சீனத்தில் இதன் மற்றொரு பெயர் ‘ஒரு ஜாங் சிவப்பு’. ஜாங் ஏறத்தாழப் பத்தடி அளவு. தண்டின் அடியிலிருந்து மொட்டுகள் ஒவ்வொன்றாக மேல்நோக்கி விரிகின்றன. உச்சியில் மொட்டு இறுகியிருக்கும்போதே அடியில் காய் முற்றியிருக்கும். ஒரே தண்டில் மொட்டு, பூ, காய் மூன்றையும் வாரக்கணக்கில் பார்க்கலாம். ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் கொட்டிவிடும். சூல்முடி அதன் பிறகே தயாராகும். ஆகவே பக்கத்துச் செடியின் தூளோடு வரும் தேனீதான் பெரும்பாலும் விதைக்கு வழி செய்கிறது. இந்தக் கடைசிச் செய்தி பின்னால் தேவைப்படும்.

தெளிவான காட்டுச் செடியாக ஆல்சியா ரோசியாவை எங்கும் பார்த்ததாக உறுதியான பதிவு கிடையாது. ரயில் பாதையோரத்திலும் பாழ்மனைகளிலும் தானாக முளைத்து நிற்பவை ஏராளம். ஆனால் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து தப்பியவை என்று அவற்றை எளிதில் சொல்லிவிடலாம். அவற்றின் நிறக் கலப்பே காட்டிக்கொடுக்கும். காட்டு வகை என்றால் ஒரு நிலப்பரப்பில் ஒரு நிறமோ இரு நிறமோதான் நிலைத்திருக்க வேண்டும்; இவற்றில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்பும் ஒன்றாக நிற்கும். காட்டு மூதாதை தெரியாமல் மனிதரோடு மட்டும் வாழும் செடி என்பது அப்படியொன்றும் அதிசயமில்லை. இதே குடும்பத்து வெண்டைக்கும் உறுதியான காட்டு வடிவம் கிடையாது; இரண்டு இனங்கள் கலந்து உண்டானது அது என்பதே தாவரவியலாரின் கணிப்பு. வெண்டையாவது காய் தருகிறது. பசிக்காக அதை மனிதர் காத்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஹாலிஹாக் முக்கியமாகக் கண்ணுக்குத்தான் விருந்து என்பதால், அதற்கும் இப்படியொரு வரலாறு இருக்கும் என்று ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. எனவே ஏதாவது ஒரு மலையையோ பள்ளத்தாக்கையோ அதன் ‘தாயகம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அப்படி எழுதப்படும் தாயகங்களில் முதலிடம் சீனாவுக்கு. மேற்கத்தியத் தோட்டக்கலை நூல்களில் பல, சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது என்று ஒரு வரியில் முடிக்கின்றன. சீனத் தாவரங்களைத் தொகுத்த அந்நாட்டின் பெரும் தொகுதியே இச்செடி தென்மேற்குச் சீனாவுக்கு உரியது என்கிறது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த மண்ணில் இதன் பதிவு மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட ஏர்யா என்னும் சொற்பொருள் நூலில் ‘ரோங் குய்’ என்று ஒரு செடி வருகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த உரையாசிரியர் குவோ பு, அது தம் காலத்து ஷு குய்தான், பூ மரச்செம்பருத்தியைப் போன்றது என்று விளக்கம் எழுதினார். பிற்காலத்தில் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள் திருவிழாவோடு இந்தப் பூ சேர்ந்துகொண்டது; தெற்குச் சோங் காலத்து ஓவியர் மாவ் யீ வரைந்ததாகக் கருதப்படும் படத்தில் ஹாலிஹாக் அடியில் பூனைகள் விளையாடுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கும் நாட்டைத் தாயகம் என்று சொல்வதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம்.

பழக்கம் எவ்வளவு பழையது என்பது ஒரு கேள்வி, பிறப்பு எங்கே என்பது வேறு கேள்வி. சிச்சுவான் பெயரைத் தாங்கியிருப்பதால் சிச்சுவானில் பிறந்தது என்று கொள்வது, நிலக்கடலை மணிலாவில் பிறந்தது என்று சொல்வதற்குச் சமம். நம் ஊர்களில் அதற்கு மணிலாக்கொட்டை என்ற பெயர் இன்றும் உண்டு. பிறந்ததோ தென் அமெரிக்காவில். செடிக்கு ஊர்ப்பெயர் வைப்பவர்கள் தங்களுக்கு அது கடைசியாக எங்கிருந்து வந்து சேர்ந்ததோ அந்த ஊரைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். ஏர்யாவில் உள்ள ரோங் என்ற சொல்லோ இன்னும் மேற்கே இழுக்கிறது. சீனத்தின் மேற்கெல்லைக்கு அப்பால் வாழ்ந்த மக்களைக் குறிக்கும் பழஞ்சொல் அது. இந்த இடத்தில் வாதத்தை முடித்துக்கொள்ள ஆசை எழும். ஆனால் சிங் காலத்து உரையாசிரியர் ஹாவ் யீசிங் ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்: ரோங் என்பதும் ஷு என்பதும் ‘பெரியது’ என்று பொருள்படும் சொற்கள், ரோங் மக்களிடமிருந்தோ ஷு நாட்டிலிருந்தோ வந்தது என்று எண்ணக் கூடாது என்பது அவர் கருத்து. நம் பேச்சில் யானைநெருஞ்சில் என்றால் நெருஞ்சிலில் பெரியது என்பதைப் போல. இந்த விளக்கத்தை நான் நேர்மையானது என்றே நினைக்கிறேன். பத்தடிச் செடிக்கு அது பொருந்தவும் செய்கிறது. அதை ஏற்றால் மேற்கிலிருந்து வந்தது என்பதற்குச் சீனப் பெயர் சான்றாகாது. ஆனால் அதே வீச்சில் சிச்சுவான் தாயகம் என்பதற்கும் இருந்த ஒரே பெயர்ச்சான்று விழுந்துவிடுகிறது. பெயர்கள் இரு பக்கமும் ரத்தானபின் மிஞ்சுவது செடியின் சுற்றம். ஹாலிஹாக் தவிர ஆல்சியா பேரினத்தில் சீனாவில் வளரும் இன்னொரு இனம் ஆல்சியா நூடிஃப்ளோரா. அது வளர்வது சிச்சுவானிலோ யுன்னானிலோ இல்லை, வடமேற்கு மூலையில், மத்திய ஆசியாவை ஒட்டிய சின்ஜியாங்கில்.

பெயர்களை நம்பிப் போனால் எங்கே போய் விழுவோம் என்பதற்கு ஜப்பான் நல்ல பாடம். கியோட்டோவில் மே 15 அன்று நடக்கும் அவோய் மட்சூரியை ஆங்கில வழிகாட்டி நூல்கள் ஹாலிஹாக் திருவிழா என்று மொழிபெயர்க்கின்றன. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானை ஆண்ட தோகுகாவா வம்சத்தின் மூன்றிலைச் சின்னத்தையும் ஹாலிஹாக் இலை என்றே எழுதுகிறார்கள். இரண்டிலும் இருப்பது ஹாலிஹாக் இல்லை. ஃபுதபா அவோய் என்னும், நிழலில் தரையோடு தரையாகப் படரும் ஒரு சிறு காட்டுச் செடி அது. ஆடுதின்னாப்பாளையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானியர் உண்மையான ஹாலிஹாக்கை ‘நிற்கும் அவோய்’ என்ற பொருளில் தச்சி அவோய் என்று பிரித்தே சொல்கிறார்கள். ஓவியர் ஓகாதா கோரின் மயில்களுக்கு இணையாக மடிப்புத் திரையில் தீட்டியது இந்த நிற்கும் வகையைத்தான். மொழிபெயர்ப்பின் சோம்பலால், முழங்கால் உயரம்கூட எட்டாத செடி ஒன்று பத்தடிச் செடியின் பெயரைச் சுமந்துகொண்டு இன்றும் சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றுகிறது.

ஆகவே சுற்றத்துக்குத் திரும்புவோம். ஆல்சியா பேரினத்தில் ஏறத்தாழ அறுபது இனங்கள் இருப்பதாகக் கணக்கு. சிலர் இன்னும் கூட்டிச் சொல்வார்கள். அவற்றில் மிகப் பல துருக்கியிலும் ஈரானிலும் அவற்றைச் சூழ்ந்த வறண்ட மேட்டுநிலங்களிலும் வளர்பவை. கிழக்கு மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் ஆல்சியா செட்டோசா வசந்தத்தின் முடிவில் ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. அது அசல் காட்டுச் செடி. தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துருக்கி வரை ஆல்சியா பாலிடா. இவ்விரண்டும் எங்கோ ஒரு மனிதக் குடியிருப்பின் ஓரத்தில் கலந்து பிறந்த வழிமரபே தோட்ட ஹாலிஹாக் என்று ஒரு கருதுகோள் உண்டு. எந்த இரண்டு இனங்கள் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இந்தப் பேரினத்தில் ஓர் இனம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவதே கடினம் என்பதை ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு பேரினத்தின் உறவினர்கள் எல்லாம் ஒரு பக்கம் குடியிருக்க, ஒரே ஒரு பிள்ளை மட்டும் மூவாயிரம் மைல் தள்ளித் தனியாகப் பிறந்தது என்று சொல்பவர்தான் அதற்குச் சான்று காட்ட வேண்டும். தன் மகரந்தத்தை நம்பாமல் அடுத்த செடியின் தூளுக்குக் காத்திருக்கும் பூ என்று முன்பே பார்த்தோம். அப்படிப்பட்ட இரண்டு இனங்களை ஒரே மதிலோரத்தில் கொண்டுவந்து வைத்தால் கலப்பு நடந்தே தீரும். காட்டில் அவை தனித்தனிச் சரிவுகளில் இருந்திருக்கும்.

மேற்கு ஆசியப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கப் பலர் எடுத்துவைக்கும் ஒரு சான்றை நான் பயன்படுத்தத் தயங்குகிறேன். வட ஈராக்கின் ஷானிதர் குகையில் ரால்ஃப் சொலெக்கியின் குழு 1960இல் ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. அதைச் சுற்றிய மண்ணை ஆராய்ந்த அர்லெத் லெருவா கூரான் அதில் பூக்களின் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருப்பதைக் கண்டார். அவற்றுள் ஆல்சியாவின் பெரிய, முள் கொண்ட மகரந்தமும் இருந்தது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவரைப் பூப் பரப்பி அடக்கம் செய்தார்கள் என்ற செய்தி உலகைச் சுற்றியது. மனிதரும் ஹாலிஹாக்கும் சேர்ந்த கதையின் முதல் பக்கம் இதுவே என்று எழுதாத தோட்டக்கலை நூல் குறைவு. 1999இல் ஜெஃப்ரி சோமர், அப்பகுதியில் வளை தோண்டும் ஒருவகை எலி பூக்களை இழுத்துச் சென்று சேமிக்கும் பழக்கமுடையது என்பதைச் சுட்டிக்காட்டினார். 2023இல் வெளிவந்த மறு ஆய்வு, மண்ணில் கூடு வைக்கும் தேனீக்களின் வேலையாக இருக்கலாம் என்றது. கொத்தில் இருந்த பூக்கள் ஒரே பருவத்தில் பூப்பவை அல்ல என்பதும் பூப் பரப்பிய கதையைத் தளர்த்துகிறது. எலியோ தேனீயோ, ஒன்று மட்டும் நிற்கிறது: குகை இருக்கும் ஜக்ரோஸ் மலைப் பகுதியில் பழங்காலத்திலேயே ஆல்சியா இனம் ஏதோ ஒன்று வளர்ந்தது. அது தோட்ட ஹாலிஹாக் என்பதற்கு மகரந்தம் சாட்சி சொல்லாது. அழகான கதையை ஆதாரமாக ஆக்கும் ஆசைக்கு இடம்கொடுத்தால், சிலுவைப் போர்க் குதிரைகளைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை நாம் இழந்துவிடுவோம்.

பிறந்த இடத்திலிருந்து இவ்வளவு தூரம் எப்படிப் போனது? விதையைப் பார்த்தால் விடை தெரியும். காய் ஒரு வட்டு. பாலாடைக்கட்டியை வளையமாக அறுத்து அடுக்கியது போல இருபதுக்கும் மேற்பட்ட தட்டை விதைகள் நெருக்கி நிற்கும். எருக்கம் விதைக்கு உள்ள பஞ்சு இதற்கில்லை, ஒட்டிக்கொள்ளும் கொக்கி இல்லை, பறவையைக் கூப்பிடும் சதையும் இல்லை. காய்ந்த தண்டைக் காற்று ஆட்டும்போது விதைகள் தாய்ச் செடியைச் சுற்றிச் சில அடிகளுக்குள் உதிர்கின்றன. தானாகப் பாலைகளையும் மலைத்தொடர்களையும் கடக்கும் வல்லமை இந்த விதைக்குக் கிடையாது. ஒரு துணி முடிச்சில், ஒரு வணிகனின் மூட்டையில், புதுவீடு போகும் பெண்ணின் பொட்டலத்தில் போயிருக்க வேண்டும். போன இடங்களிலும் அது தேர்ந்தெடுத்தது சுவரோரத்தை. பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள ரே தீவில் வெள்ளைச் சுவர்களும் ஹாலிஹாக்கும் சேர்ந்தே தீவின் அடையாளமாகிவிட்டன. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் சாலைக் கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே உள்ள விரல் அகல இடுக்கில் முளைத்து ஓட்டுக்கூரையைத் தொடுகிறது. லடாக்கில் லே நகரத்து மண்வீடுகளின் முற்றங்களிலும் இதுவே கோடைப்பூ. மூன்றும் வெவ்வேறு தட்பவெப்பச் சூழல். பொதுவாக இருப்பவை நீர் தேங்காத கல்லடி மண், வெயிலைப் பிடித்துத் திருப்பித் தரும் சுவர், குளிர்காலத்தில் ஓய்வு, பக்கத்தில் மனிதர். கலப்பால் பிறந்த செடிக்குப் பூர்வீக நிலம் இல்லாவிட்டாலும் பூர்வீகச் சூழல் இருக்கிறது.

அந்தச் சூழலிலிருந்து அதைப் பிரித்து உயர்த்த முயன்ற காலம்தான் இதன் வரலாற்றில் மிகவும் படிப்பினை தரும் பகுதி. இங்கிலாந்தில் 1573இல் தாமஸ் டஸ்ஸர் வெளியிட்ட வேளாண்மைச் செய்யுள் நூலில் இது வீட்டுப் பூக்களின் பட்டியலில் வருகிறது. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குடிசை வாசலில் யாரும் கவனிக்காமலே வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் சாஃப்ரன் வால்டன் என்னும் சிற்றூரில், செருப்புத் தைக்கும் தொழிலாளியான சார்லஸ் பேரன் விதைகளைத் தேர்ந்து தேர்ந்து அடுக்குப் பூக்களை உண்டாக்கினார். அவருக்குப்பின் அதே ஊரின் நர்சரிக்காரர் வில்லியம் சேட்டர் அந்த வேலையைப் பெருந்தொழிலாக்கினார். இதழ்கள் பந்துபோலச் சுருண்டு நிரம்பிய பூ, தண்டில் இடைவெளியே தெரியாத நெருக்கம், தெளிந்த நிறம் ஆகியவை போட்டிக் கண்காட்சிகளின் இலக்கணமாயின. ஒவ்வொரு சிறந்த செடிக்கும் தனிப்பெயர் சூட்டப்பட்டது. விதையிலிருந்து வளர்த்தால் பிள்ளை தாயைப் போலிருக்காது என்பதால், பெயர் பெற்ற செடிகளைத் தண்டுத் துண்டாலும் வேர் ஒட்டாலும் பெருக்கி, குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் பாதுகாத்தார்கள். ஈராண்டில் விதை தந்து ஒதுங்கும் இயல்புள்ள செடியை, முடிவே இல்லாத ஒரே உடலாக நீட்டித்தார்கள். (பந்துப் பூவின் அழகில் எனக்கு ஒப்புதல் இல்லை, ஒற்றை அடுக்கில் ஒளி ஊடுருவும்போது தெரியும் நரம்பு ஓட்டம் அதில் கசங்கிய காகிதமாகிவிடுகிறது. தேனீக்கும் அது அடைத்த கதவு.)

1852இல் சிலி நாட்டு மாதிரிகளைக் கொண்டு பிரெஞ்சுப் பூஞ்சை அறிஞர் காமில் மோன்தாஞ் புதிய துருப்பூஞ்சை ஒன்றுக்குப் பக்சீனியா மால்வேசியாரம் என்று பெயரிட்டார். துத்தியினச் செடிகளைத் தின்னும் பூஞ்சை அது. 1869இல் ஸ்பெயினில் தென்பட்டது; 1872இல் பிரான்ஸ், 1873இல் இங்கிலாந்து. ஹாலிஹாக் வளர்ந்த பழைய உலகில் இதற்குமுன் இல்லாத நோய் என்பதால் செடியிடம் இதற்கு எதிர்ப்பு ஏதும் வளர்ந்திருக்கவில்லை. இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி, அடியில் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கிப் பழுப்பாக முதிரும் கொப்புளம், கீழிலையிலிருந்து மேலிலைக்கு ஏறும் கருகல். கோதுமைத் துருவைப் போல இரண்டு வகை ஓம்புயிர்ச் செடிகளுக்கு நடுவே மாறி மாறி வாழ வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. ஒரே செடியில் தன் வாழ்க்கைச் சுற்றை முடித்துக்கொள்ளும். முளைக்குமுன் ஓய்வுக்காலமும் தேவைப்படாததால், ஈரமான கோடையில் ஒரு தலைமுறையின் மேல் அடுத்த தலைமுறை ஏறிக்கொண்டே போகும். குளிர்காலத்தில் செடியின் கழுத்திலும் அடியில் மிஞ்சிய இலைகளிலும் ஒளிந்திருந்து வசந்தத்தில் புறப்படும். சில ஆண்டுகளுக்குள் பெயர் பெற்ற வகைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. சேட்டரின் தோட்டமும் தப்பவில்லை. இன்று சேட்டர் பெயரில் விற்கப்படும் அடுக்குப் பூ விதைகள் எஞ்சியதிலிருந்து விதை வழியாகத் திரட்டிய கூட்டம். கண்காட்சி மேடைப் பூக்கள் திரும்பவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. துருநோய் குடிசை வாசல் செடியையும் விட்டுவைக்கவில்லையே, விதையில் முளைத்தது என்பதற்காக அதற்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடுமா? வராது. விதைச் செடியும் துருப்பிடிக்கும். விதையோடு ஒட்டிய சருகிலேயே பூஞ்சை பயணம் செய்யக்கூடும். வித்தியாசம் எதிர்ப்பாற்றலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. துருப்பூஞ்சை ஹாலிஹாக்கை அரிதாகவே ஒரேயடியாகக் கொல்கிறது. இலைகளைத் தின்று ஆண்டுக்காண்டு மெலியச் செய்கிறது. ஈராண்டில் பூத்து, விதை உதிர்த்து, ஒதுங்கிவிடும் செடிக்கு அந்த மெலிவு வந்துசேருமுன் வேலை முடிந்திருக்கும். அடுத்த கன்று ஓரளவு சுத்தமாகத் தொடங்கும். பழைய கழுத்திலிருந்தே துண்டெடுத்துத் துண்டெடுத்துப் பெருக்கிய செடிக்கோ ஒவ்வொரு பிரதியோடும் நோயும் பிரதியெடுக்கப்பட்டது. ஒரு குடிசைச் செடி செத்தால் ஒரு செடி போயிற்று. பெயருள்ள வகை செத்தால் அந்தப் பெயரே போயிற்று. துருவுக்கு ஓரளவு தாங்கும் உறவினங்களைத் தேடிப் போனவர்களும் உண்டு. உக்ரைன், தெற்கு ரஷ்யப் பக்கத்து ஆல்சியா ருகோசாவின் மஞ்சள் பூ இன்று அந்தக் காரணத்துக்காகவே விரும்பப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் ஹங்கேரியில் ஹாலிஹாக்கையும் மார்ஷ்மெல்லோவையும் கலந்து நீடித்து வாழும் ஒரு வகையை உண்டாக்கினார்கள். இந்தக் கலப்பு பழைய மதிலோரக் கலப்பின் மறுபதிப்புதான்.

பூவாக இல்லாமல் பயிராக்கும் முயற்சியும் நடந்தது. 1821இல் வேல்ஸின் ஃபிளின்ட் ஊருக்கு அருகில் சுமார் 280 ஏக்கரில் நாருக்காக ஹாலிஹாக் பயிரிட்டதாக மூலிகை நூல்கள் சொல்கின்றன. புளிச்சை நார் தெரிந்த நமக்கு அந்த எண்ணம் வியப்பாக இராது, ஒரே குடும்பம்தானே. நார் எடுக்கும்போது தண்டிலிருந்து நீலச் சாயமும் வந்ததாம். தொழில் நிலைக்கவில்லை. கறுப்பு என்று சொல்லத்தக்க கருஞ்சிவப்பு வகையின் இதழ்கள் மட்டும் ஐரோப்பாவில் மதுவுக்கு நிறமேற்றக் காலங்காலமாக விற்றன. அந்தச் சாயப்பொருளை வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் தம் தாவர நிறமி ஆய்வுகளில் பகுத்துப் பார்த்தார். ஓவியர்களுக்கும் இது பயன்பட்டது. பெர்த் மொரிசோவும் வான் கோவும் 1880களில் இதைத் தீட்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அலைன் பார்ன்ஸ்டால் என்பவருக்காக கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் கட்டிய வீட்டில், பார்ன்ஸ்டாலுக்குப் பிடித்த இந்தப் பூத்தண்டு கான்கிரீட்டில் கோணங்களாகச் சுருங்கிச் சுவர் விளிம்பிலும் தூணிலும் திரும்பத் திரும்ப வருகிறது. 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்ட ஹாலிஹாக் ஹவுஸ் அதுவே. சுவரோரத்தில் நின்ற செடி கடைசியில் சுவராகவே ஆகிவிட்டது.

செடியைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுபவருக்குப் பிறப்பிட ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் நேரடியானது. சீனத் தென்மேற்கின் மழைக்காட்டுச் செடி என்று நம்புபவர் நிழலும் ஈரமும் தந்து அதைத் துருவுக்குப் பலியாக்குவார். வறண்ட மேட்டுநிலத்து உறவினர்களின் பிள்ளை என்று அறிந்தவர் வெயிலில், வடியும் மண்ணில், காற்று புகும் இடைவெளியில் வைப்பார். ஆணிவேர் ஆழப் போவதால் வளர்ந்த கன்றைப் பிடுங்கி நடுவதைத் தவிர்ப்பார். தண்ணீரை இலையில் தெளிக்காமல் தரையில் விடுவார். வட இந்தியச் சமவெளியில் மழை ஓயும் பருவத்தில் விதைத்து, குளிரை நாற்றாகக் கழிக்கவிட்டு, வெயில் ஏறுமுன் பூப்பார்க்கும் வழக்கம் இந்தத் தர்க்கத்தையே பின்பற்றுகிறது. தமிழ்நாட்டின் கடலோரப் புழுக்கத்தில் இது ஏன் சோர்ந்து போகிறது, மலையூர்த் தோட்டங்களில்கூட மழைநீர் சொட்டாத சுவரோரம் ஏன் நல்லது என்பதற்கும் விளக்கம் கிடைக்கிறது. பூத்து முடிந்த தண்டை உடனே அறுத்துத் துப்புரவு செய்யும் தோட்டக்காரர் தொடர்ச்சியையும் சேர்த்தே அறுக்கிறார். துருவேறிய கீழிலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, காய்வட்டுகள் பழுப்பாகிக் கலகலக்கும்வரை நல்ல தண்டு இரண்டை விட்டுவைத்தால், விதை அங்கேயே உதிரும். அடுத்த ஆண்டு வெறும் இலைக்கொத்து. அதற்கடுத்த ஆண்டு, பக்கத்து வீட்டுச் செடியின் தூளைத் தேனீ எவ்வளவு கொண்டுவந்து கலந்தது என்பதைப் பொறுத்து, வெள்ளையோ கருஞ்சிவப்போ யாரும் கேட்டிராத ஓர் இடைநிறமோ.